உப்பு மூட்டையின் எடை

வேகமாக நடக்கும்படி மருத்துவர் சொல்லியிருந்தார். தினமும் அரை மணி நேரம். அலுவலகம் விட்டு வந்தால் நான்கு வயது மகள் வாசலிலேயே காத்திருப்பாள். இரண்டு வேலையையும் ஒன்றாக முடித்துவிடலாமே என்று அவளையும் வாக்கிங் அழைத்துப் போனேன். வீட்டிலிருந்து தெருமுனை 100 மீட்டர்கூட இருக்காது. போய்ச் சேர 25 நிமிடம் ஆனது. வழியில் ஒரு நத்தை. அப்புறம் காலால் உருட்டிப் பார்க்க ஒரு பாட்டில் மூடி. விளக்குக் கம்பம் வரை குதிரைப் பாய்ச்சலில் ஓடினாள், அங்கிருந்து திரும்பி ஓடி வந்தாள், நடுவில் உட்கார்ந்துகொண்டாள். கடைசியில் இரண்டு கையையும் மேலே நீட்டித் “தூக்கு” என்றாள்.

மறுநாள் கொஞ்சம் கறாராகக் கையைப் பிடித்து நடத்திப் பார்த்தேன். அவள் அழுதாள், நான் சலித்துக்கொண்டேன். மூன்றாம் நாள், “அப்பா, நீங்கள் மட்டும் போங்கள்” என்று வழியனுப்பி வைத்தாள்.

குற்றம் அவளிடம் இல்லை, அந்த நடையில்தான் இருந்தது என்று புரிய எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. 1995-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. 6 முதல் 10 வயதுவரை உள்ள 15 குழந்தைகளின் பின்னாலேயே போய், 3 விநாடிக்கு ஒரு தரம் அந்தக் குழந்தை என்ன செய்கிறது என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். பொறுமைக்காகவே அவர்களுக்கு ஒரு விருது கொடுக்கலாம். கிடைத்த கணக்கு இது: மூச்சு வாங்கும் அளவுக்கான ஓட்டமும் குதியலும் சராசரியாக 3 விநாடிதான் நீடிக்கின்றன. அப்படிப்பட்ட தீவிர அசைவுகளில் 95 விழுக்காடு 15 விநாடியைத் தாண்டவே இல்லை. பாய்வது, நிற்பது, வேடிக்கை பார்ப்பது, மறுபடி பாய்வது. என் மகள் விளக்குக் கம்பத்தருகே செய்ததும் இதைத்தான். ஒரே சீராக அரை மணி நேரம் நடப்பதென்பது முழுக்கப் பெரியவர்களின் கண்டுபிடிப்பு. குழந்தையின் உடம்புக்கு அது விளங்காத மொழி.

ஆனால் அந்தச் சின்னச் சின்னப் பாய்ச்சல்களை நாள் முழுக்கத் தொடரச் சொல்லிப் பாருங்கள், நம்மால் முடியாது. 2018-இல் வெளியான மற்றோர் ஆய்வில், 8 முதல் 12 வயதுச் சிறுவர்களையும், பயிற்சியில்லாத பெரியவர்களையும், நீண்டதூரப் போட்டிகளுக்குத் தயாரான விளையாட்டு வீரர்களையும் சைக்கிள் மிதிக்க வைத்து ஒப்பிட்டார்கள். களைப்பைத் தாங்குவதில் சிறுவர்கள் அந்த வீரர்களோடு ஏறக்குறைய சமமாக நின்றார்கள். மிதித்து முடித்ததும் இதயத் துடிப்பு தணிந்த வேகத்தில் வீரர்களையே முந்தினார்கள். அந்தச் சிறுவர்கள் என் மகளைவிடப் பெரியவர்கள் என்பது உண்மைதான். இருந்தாலும், “இன்னொரு தடவை” என்று அவள் பதினெட்டாவது முறை கேட்கும்போது, அது அடம் மட்டுமே இல்லை, அவள் தசைகள் அதற்குள் இளைப்பாறிவிட்டன என்று நினைத்துக்கொள்கிறேன். கோபம் கொஞ்சம் குறைகிறது.

அவளை என் நடைக்கு இழுக்க முடியாதென்றால், நான்தான் அவள் தாளத்துக்குப் போக வேண்டும். அப்படிப் போனால் என் உடம்புக்குப் பயன் உண்டா, அல்லது அது வெறும் பொழுதுபோக்கா? இந்த இடத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் சத்தமில்லாமல் நமக்குச் சாதகமாக மாறியிருக்கிறது. 2010-ஆம் ஆண்டுப் பரிந்துரையில், பெரியவர்களின் உடற்பயிற்சி ஒரே மூச்சில் குறைந்தது 10 நிமிடம் நீடித்தால்தான் கணக்கில் சேரும் என்று ஒரு நிபந்தனை இருந்தது. 2020-இல் வந்த புதிய பரிந்துரையில் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு. அதோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைகளுக்கு வலுவூட்டும் வேலை. அதைச் சில்லறையாகவும் சேர்க்கலாம். சோபாவைச் சுற்றி 40 விநாடி துரத்தியதும் கணக்கில் வரும்.

உழைப்பின் அளவை அளக்க ஆய்வாளர்கள் ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். சும்மா உட்கார்ந்திருப்பதை 1 என்று வைத்துக்கொண்டு ஒவ்வொரு வேலைக்கும் அது எத்தனை மடங்கு என்று எண் கொடுப்பார்கள். 3-க்கு மேல் போனால் மிதமான உழைப்பு. குழந்தையோடு நடந்தும் ஓடியும் விளையாடுவதற்கு அதில் 3.5 என்று இருக்கிறது. மும்முரமாக ஓடியாடினால் 5.8. மருத்துவர் சொன்ன வேகநடை நாலு சொச்சத்தில்தான் வருகிறது.

இந்தியாவில் இது சின்ன விஷயமும் இல்லை. 2024-இல் வெளியான உலகளாவிய ஆய்வின்படி, 2022-இல் நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் போதிய உடலுழைப்பு இல்லை. 2000-த்தில் அது கால்பங்குக்கும் கீழே இருந்தது. ஆண்களைவிடப் பெண்களின் நிலை இன்னும் மோசம். “எங்கே நேரம் இருக்கிறது?” என்று அவர்கள் கேட்பது சாக்கு இல்லை. வேலை, சமையல், பிள்ளை என்று நாள் தீர்ந்துபோகிறது. பிள்ளையோடு கழியும் நேரத்துக்குள்ளேயே உடற்பயிற்சி ஒளிந்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் முதலில் உதவ வேண்டிய செய்தி. கூடவே, அப்பாக்களும் அந்த நேரத்தில் பங்கு கேட்க வேண்டும்.

சோறூட்டுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வயதுக் குழந்தை ஏறக்குறைய 9 கிலோ. பிறந்தபோது இருந்த எடையைப்போல் மூன்று மடங்கு. அதை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கையில் கிண்ணத்தோடு, நிலாவையும் காக்காயையும் காட்டியபடி மொட்டை மாடியை முக்கால் மணி நேரம் சுற்றி வரும் அம்மாவிடம், “நீ கொஞ்சம் உடற்பயிற்சி செய்யக் கூடாதா?” என்று நாற்காலியில் உட்கார்ந்தபடி கேட்கும் கணவர்களை நான் பார்த்திருக்கிறேன். நானும் ஒரு காலத்தில் கேட்டிருக்கிறேன், பதிலையும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். அந்த நடையில் சரிசெய்ய ஒன்று உண்டு. பெரும்பாலோர் எப்போதும் ஒரே பக்க இடுப்பில்தான் குழந்தையை வைக்கிறார்கள். ஒரு சுற்றுக்கு ஒரு முறை பக்கம் மாற்றினால் முதுகு நன்றி சொல்லும்.

பண்டைய கிரேக்கத்தில் மைலோ என்ற மல்யுத்த வீரன் ஒரு கன்றுக்குட்டியைத் தினமும் தூக்கி வந்தானாம். கன்று வளர வளர அவன் வலுவும் வளர்ந்து, கடைசியில் முழுக் காளையையே தோளில் சுமந்தான் என்பது கதை. காளையை நம்ப வேண்டாம். ஆனால் சுமை மெல்ல மெல்லக் கூடினால்தான் தசை வலுக்கும் என்பது உடற்பயிற்சிக் கூடங்களில் இன்றும் அடிப்படைப் பாடம். வீட்டில் ஒரு குழந்தை இருந்தால் அந்தச் சுமை தானாகவே கூடும். ஒரு வயதில் 9 கிலோ, இரண்டில் 12, நான்கில் 16, ஐந்தில் 18. தூக்குவதை நடுவில் நிறுத்தாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் அதற்கு உப்பு மூட்டை. குனிந்து கொடுத்தால் முதுகில் தொற்றிக்கொள்வாள். கூடத்திலிருந்து கிளம்பி, “உப்பு வாங்கலையோ உப்பு!” என்று அவளே கூவ, சமையலறையில் இருக்கும் பாட்டியிடம் போக வேண்டும். பாட்டி விலை கேட்பார். “ரொம்ப அதிகம்” என்பார். மூட்டையை இறக்கி எடை காட்ட வேண்டும். பேரம் படியாது. மறுபடி ஏற்றிக்கொண்டு அடுத்த அறைக்கு. இப்படி ஏழெட்டு வீடு ஏறி இறங்கினால் 16 கிலோவைச் சுமந்துகொண்டு ஏழெட்டு முறை உட்கார்ந்து எழுந்தாகிவிட்டது. இதையே உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய் இரும்பு வைத்துச் செய்தால் மாதச் சந்தா கேட்பார்கள். முக்கியமானது ஒன்று: இடுப்பை வளைத்து அள்ளக் கூடாது. முழங்காலை மடக்கி உட்கார்ந்து, தொடையின் பலத்தில் எழ வேண்டும். அவள் கை உங்கள் தோளைச் சுற்றி இருக்கட்டும்; குரல்வளையைச் சுற்றியிருந்தால் மூன்றாவது வீட்டிலேயே வியாபாரம் படுத்துவிடும். மூட்டு வலி உள்ளவர்கள் குழந்தையைக் கட்டில்மேலோ திண்ணைமேலோ நிற்க வைத்து அங்கிருந்து முதுகில் ஏற்றிக்கொள்ளலாம்; அவ்வளவு தாழ உட்கார வேண்டியதில்லை.

நடக்கத் தெரியாத குழந்தையோடு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு நம் பிள்ளைத்தமிழில் ஒரு பதில் இருக்கிறது. அந்த இலக்கிய வகை குழந்தையின் வளர்ச்சியைப் பத்துப் பருவமாகப் பிரிக்கிறது. ஐந்தாம் மாதத்தில் செங்கீரை: ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரண்டு கையையும் தரையில் ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடுவது. ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி: கைகொட்டுவது. பதின்மூன்றில் வருகை: தளர்நடை போட்டு வருமாறு அழைப்பது. கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால், எந்த மாதத்தில் எந்த அசைவு என்று யாரோ உட்கார்ந்து கவனித்து எழுதிய அட்டவணை இது. இதில் எனக்குப் பிடித்தது, ஒவ்வொரு பருவத்திலும் ஒரு பெரியவர் எதிரில் இருக்கிறார் என்பது. ‘ஆடு’, ‘கொட்டு’, ‘வா’ என்று யாரோ கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பெரியாழ்வார் கண்ணனைப் பாடும்போது, குழந்தை ஓடி வந்து முதுகைக் கட்டிக்கொள்வதற்கென்றே தனியாகப் புறம்புல்குதல் என்று பாடியிருக்கிறார். உப்பு மூட்டைக்கு அதைவிடப் பழைய சான்று எனக்கு வேண்டாம்.

செங்கீரையை உலக சுகாதார நிறுவனமும் ஒருவகையில் ஒப்புக்கொள்கிறது. ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்காக அது 2019-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, இன்னும் நகரத் தொடங்காத குழந்தை விழித்திருக்கும் நேரத்தில், நாளொன்றுக்குக் குறைந்தது 30 நிமிடமாவது குப்புறப் படுத்திருக்க வேண்டும். ஒரே தடவையில் வேண்டாம், விட்டுவிட்டு. ஒன்று முதல் நான்கு வயதுவரை நாள் முழுக்கச் சேர்த்து 180 நிமிட உடலசைவு. மூன்று வயதானபின் அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும். தள்ளுவண்டியிலோ குழந்தைகளுக்கான உயர நாற்காலியிலோ ஒரே நேரத்தில் ஒரு மணிக்கு மேல் கட்டிப்போட்டதுபோல் இருத்தக் கூடாது.

குப்புறப் போட்டால் பல குழந்தைகள் அழும். எதிரில் முகம் ஒன்று இருந்தால் அழுகை நிற்கும். நீங்களும் பாயில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, வயிற்றையும் தொடையையும் தரையிலிருந்து தூக்கி, குழந்தையின் கண்ணுக்கு நேராக முகத்தை வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைக்கு அது வேடிக்கை. உங்களுக்கு அது வயிற்றுத் தசைக்கும் தோளுக்குமான பயிற்சி. 20 விநாடியில் உடம்பு நடுங்கத் தொடங்கும். குழந்தை அதையும் பார்த்துச் சிரிக்கும்.

தரையிலேயே இன்னும் கொஞ்ச நேரம் இருப்போம். பிரேசிலில் ஓர் ஆய்வாளர் குழு 51 முதல் 80 வயதுக்குட்பட்ட 2,002 பேரைத் தரையில் உட்கார்ந்து எழச் சொல்லி மதிப்பெண் கொடுத்தது. உட்கார 5, எழ 5. கை, முழங்கால், தொடை எதை ஊன்றினாலும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு மதிப்பெண் குறையும். அடுத்து வந்த ஆண்டுகளில், மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களிடையே இறப்பு, அதிகம் வாங்கியவர்களைவிடப் பல மடங்கு இருந்தது. உட்கார்ந்து எழுந்தால் ஆயுள் கூடிவிடும் என்று அதற்குப் பொருளில்லை. வலு, மூட்டின் நெகிழ்வு, சமநிலை எல்லாம் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை அந்த ஒரே அசைவு காட்டிக்கொடுத்துவிடுகிறது. எனக்கு 7 வந்தது. 68 வயதான என் அம்மா புடவையை லேசாகத் தூக்கிச் செருகிக்கொண்டு, கை ஊன்றாமல் எழுந்துவிட்டார். தரையில் உட்கார்ந்து காய் நறுக்கி, தரையில் சாப்பிட்டு, தரையில் கோலம் போட்ட உடம்பு. என்னுடையது நாற்காலியில் வளர்ந்தது. சின்னக் குழந்தையோடு விளையாட உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் பத்துப் பதினைந்து முறை எழ வேண்டியிருக்கும்: பந்து கட்டிலுக்கடியில் போகும், தண்ணீர் கேட்கும், கதவுமணி அடிக்கும். சோபாவில் இருந்தபடியே விளையாடினால் இது அத்தனையும் நஷ்டம்.

கூடத்தில் ஓடும்போது ஒரு சிக்கல் வந்தது. கீழ்வீட்டு அம்மா படியேறி வந்து, தலைக்கு மேலே மாவு இடிப்பதுபோல் இருக்கிறது என்றார். நியாயம்தான். அதன்பின் வீட்டுக்குள் விலங்கு நடை மட்டும். கரடி என்றால் கையும் காலும் ஊன்றி, முழங்கால் தரையில் படாமல் போக வேண்டும். நண்டு என்றால் மல்லாந்து கையூன்றிப் பக்கவாட்டில். பூனை என்றால் சத்தமே வரக் கூடாது. தவளை தாவலாம், ஆனால் தரையில் இறங்கும் ஓசை கேட்டால் ஆட்டம் இழந்ததாகப் பொருள். இந்தச் ‘சத்தமில்லாத தவளை’ நாங்களாக உண்டாக்கிய விதி. சத்தமில்லாமல் இறங்க வேண்டுமென்றால் முழங்காலை மடக்கி, தொடைத் தசையால் வேகத்தை வாங்கிக்கொண்டே இறங்க வேண்டும். குதிப்பதைவிட அதுதான் கடினம், மூட்டுக்கும் அதுதான் நல்லது. கீழ்வீட்டு அம்மாவின் புகார்தான் எங்களுக்குச் சரியான முறையைக் கற்றுக்கொடுத்தது.

ஓட்டமெல்லாம் மொட்டை மாடிக்கு மாறியது. அங்கே கல்லா மண்ணா. பிடிப்பவர் ‘மண்’ என்றால் தரை அவருடைய ராஜ்ஜியம். மற்றவர்கள் தண்ணீர்த் தொட்டியின் மேடையிலோ படிக்கட்டிலோ நிற்க வேண்டும். தரையில் கால் வைத்தால் பிடிபடலாம். நின்றுகொண்டே இருந்தால் சுவாரசியம் இல்லை என்பதால் வம்புக்கு இறங்கி, துரத்தும்போது ஏறிவிட வேண்டும். ஒரு படி ஏறுவது, இறங்குவது, சட்டென்று திசை மாறி ஓடுவது. சின்னக் குழந்தைக்கு விதி பாதிதான் புரியும். பரவாயில்லை, துரத்துவது புரியும். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்துக் கைப்பிடிச் சுவர் தாழ்வாக இருந்தால் அந்தப் பக்கம் ஆட்டமே வேண்டாம். மாடியென்றால் முதல் பார்வை சுவரின் உயரத்தின்மேல் விழ வேண்டும். கோடையில் காலை ஏழு மணிக்கு முன், மாலை ஐந்தரைக்குப் பின். நடுப்பகல் மாடித்தளத்தில் தோசையே சுடலாம்.

பாண்டி ஆட்டத்துக்கு வருகிறேன். பாண்டி, நொண்டி, சில்லுக்கோடு என்று ஊருக்கு ஒரு பெயர், தெருவுக்கு ஒரு விதி. சாக்கட்டியால் எட்டுக் கட்டம் போட்டது என் அம்மா. ஓட்டுத் துண்டு ஒன்றைத் தேடியெடுத்துத் தரையில் தேய்த்து முனை மழுக்கிச் சில்லு செய்ததும் அவர்தான். சில்லை முதல் கட்டத்தில் போட்டு, அந்தக் கட்டத்தைத் தாண்டி, ஒற்றைக்காலில் நொண்டிக்கொண்டே போய்த் திரும்ப வேண்டும். வரும் வழியில், தூக்கிய காலைக் கீழே வைக்காமல் குனிந்து சில்லை எடுக்க வேண்டும். நான் அதைச் செய்ய முயன்றபோது கணுக்கால் இரண்டு பக்கமும் தாளம் போட்டது, பின்தொடை இழுத்தது, உள்ளங்கை தரையைத் தொட்டது. “அவுட்!” என்று இரண்டு தலைமுறையும் ஒரே குரலில் கத்தியது.

அதில் வெட்கப்பட அதிகம் இல்லை. அதே பிரேசில் குழு 51 முதல் 75 வயதுள்ள 1,702 பேரை ஒற்றைக்காலில் 10 விநாடி நிற்கச் சொன்னது. ஐந்தில் ஒருவரால் முடியவில்லை. அந்த ஆய்வு 2022-இல் வெளியானது. குழந்தைகளுக்கும் ஒற்றைக்காலில் குதிப்பது நான்கு, ஐந்து வயதில்தான் கைவரும். ஏறும் வயதில் அவளும் இறங்கும் வயதில் நானும் சரியாக நடுவழியில் சந்திக்கிறோம். பெரியவர் வேண்டுமென்றே தோற்றுக்கொடுக்க வேண்டிய அவசியம் இல்லாத விளையாட்டு இது. அதனாலேயே எனக்குப் பிடிக்கிறது. குழந்தைகள் பொய்த் தோல்வியை எளிதில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எட்டுக் கட்டமும் முடிந்ததும் கடைசிச் சுற்று. கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை மேலே தூக்கி, கட்டம் கட்டமாகக் கால் வைத்து, ஒவ்வொரு அடிக்கும் “ரைட்டா?” என்று கேட்க வேண்டும். கோட்டை மிதிக்காவிட்டால் “ரைட்டு” என்று பதில் வரும். உடம்பின் சமநிலைக்கு மூன்று துணை: கண், உட்காது, பாதத்திலிருந்தும் மூட்டுகளிலிருந்தும் மூளைக்குப் போகும் தகவல். கண்ணை மூடினால் மற்ற இரண்டும் கூடுதலாக உழைத்தாக வேண்டும். முதியவர்கள் தடுமாறி விழாமலிருக்க மருத்துவமனைகளில் கொடுக்கும் சமநிலைப் பயிற்சிகளிலும் கண்ணை மூடி நிற்பது உண்டு. அங்கே பிடித்துக்கொள்ளச் சுவர் இருக்கும். இங்கே பேத்தியின் தோள். அம்மா அவள் தோளில் ஒரு விரலை வைத்துக்கொண்டுதான் அந்தச் சுற்றை முடிப்பார். அப்படிச் செய்வதுதான் சரியும்கூட.

மணல் கிடைத்தால் எதுவும் தேவையில்லை. மெரினாவிலோ எலியட்ஸ் கடற்கரையிலோ உலர்ந்த, கால் புதையும் மணலில் நடந்து பாருங்கள். கெட்டித் தரையில் அதே வேகத்தில் நடப்பதைவிட இரண்டு மடங்குக்கு மேல் சக்தி செலவாகிறது என்று அளந்திருக்கிறார்கள். குழந்தைக்கு அது தெரியாது, விழுந்தாலும் வலிக்காது. என் பணி தண்ணீர் கொண்டுவருவது. அவள் தோண்டும் குழியில் ஊற்றுவேன், மணல் குடித்துவிடும், மறுபடி போக வேண்டும். முடிவே இல்லாத வேலை. அவளை அலைப்பக்கம் விடுவதில்லை. வங்கக் கடலின் இழுப்பு விளையாட்டுக்கு உகந்ததில்லை.

விபத்துகளில், பெற்றோருக்கு அவ்வளவாகத் தெரியாத ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நடந்து போகும்போது அம்மா ஒரு கையையும் அப்பா ஒரு கையையும் பிடித்து, “ஒன்று, இரண்டு, மூன்று” என்று குழந்தையைத் தூக்கி ஆட்டுவார்களே, அதில் முழங்கை நழுவக்கூடும். ஐந்து வயதுக்குக் கீழே முன்கை எலும்பின் மேல்முனையைப் பிடித்திருக்கும் நார்வளையம் இறுக்கமாக இருக்காது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்தால் எலும்பு அதிலிருந்து வெளிவந்துவிடும். வீக்கம் தெரியாது. குழந்தை கையைத் தொங்கவிட்டபடி, அதைப் பயன்படுத்த மறுக்கும். மருத்துவர் சில விநாடிகளில் சரிசெய்துவிடுவார். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவுவதோ நாமே இழுத்துப் பார்ப்பதோ கூடாது. தூக்குவதானாலும் சுற்றுவதானாலும் அக்குளுக்குக் கீழே மார்போடு சேர்த்துப் பிடித்தால் இந்தப் பயம் இல்லை. தட்டாமாலையும் அப்படித்தான்: கை கோத்துப் பின்னால் சாய்ந்து சுற்றும் அந்த ஆட்டம் ஒத்த வயதுப் பிள்ளைகளுக்குச் சரி, 75 கிலோ மனிதர் 16 கிலோ குழந்தையோடு அதை ஆடக் கூடாது. கைக்குழந்தையைக் குலுக்கி விளையாடுவது அறவே வேண்டாம். அந்த வயதில் கழுத்துக்குத் தலையைத் தாங்கும் பலம் கிடையாது.

எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது வேறொன்று. நம் ஊரில் உடம்பை அசைப்பது பல பிள்ளைகளுக்குத் தண்டனையாகத்தான் அறிமுகமாகிறது. வீட்டுப்பாடம் எழுதவில்லையா, தோப்புக்கரணம் போடு. பேசினாயா, முட்டி போடு. தாமதமா, மைதானத்தைச் சுற்றி ஓடு. பிறகு அதே பிள்ளை முப்பது வயதில் ஏன் நடக்க மறுக்கிறது என்று வியக்கிறோம். தோப்புக்கரணம் பிள்ளையார் முன்னால் குடும்பமாகச் சிரித்துக்கொண்டு போட்ட விஷயம். காதைப் பிடித்தால் மூளை கூர்மையாகும் என்று சொல்லி அதை வெளிநாட்டில் புதுப் பெயரில் விற்றவர்களும் உண்டு. மூளை விஷயத்தை நான் நம்பவில்லை. தொடைக்கு நல்லது, அது போதும். நாங்கள் எண்ணிக்கையை மாற்றிவிட்டோம்: அவள் எவ்வளவு சொல்கிறாளோ அவ்வளவு நான் போட வேண்டும். அவளுக்கு இருபது வரை எண்ணத் தெரியும் என்பதில் எனக்கு இருந்த பெருமிதம் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

ஜப்பானில் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். வானொலியில் பியானோ இசையோடு சொல்லித்தரும் உடற்பயிற்சி 1928-இல் அங்கே தொடங்கியது. போருக்குப் பின் சில ஆண்டு நின்று, 1951-இல் இன்றுள்ள வடிவத்தில் திரும்பி வந்தது. மூன்று நிமிடச் சொச்சம், அவ்வளவுதான். காலை ஆறரைக்குப் பூங்காக்களில் முதியவர்கள் கூடுவார்கள். கோடை விடுமுறையில் பிள்ளைகளும் கழுத்தில் ஓர் அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து சேர்வார்கள். ஆடி முடித்தால் அட்டையில் ஒரு முத்திரை. ஏழு வயதும் எழுபது வயதும் ஒரே அசைவைச் செய்யும்படி அதை வடிவமைத்ததுதான் அதன் கெட்டிக்காரத்தனம். நம்மிடம் கும்மி அப்படிப்பட்டது. வட்டமாகச் சுற்றி, குனிந்து கொட்டி, நிமிர்ந்து கொட்டி, அடியெடுத்து வைப்பது. யாரும் யாரோடும் போட்டியிடுவதில்லை, தப்பாகக் கொட்டினாலும் வட்டம் உடையாது. அதைத் திருவிழாவுக்கும் பள்ளி ஆண்டுவிழாவுக்கும் ஒதுக்கிவிட்டு, மாடியில் தனித்தனியாக எட்டு வடிவத்தில் நடந்துகொண்டிருக்கிறோம்.

சென்ற மாதம் கீழ்வீட்டு அம்மா மறுபடி படியேறி வந்தார், இந்த முறை மாடிக்கே. கையைப் பிடித்தபடி ஐந்து வயதுப் பேரன். இவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று நான் சில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கட்டங்களைச் சுற்றி ஒரு நடை நடந்து பார்த்தார்.

“எட்டுதானா? எங்கள் ஊரில் பத்து.”

“பத்துக் கட்டம் யார் ஊரிலே அம்மா?” என்றார் என் தாய். வாக்குவாதம் கால் மணி நேரம் நடந்தது. அதற்குள் பிள்ளைகள் இரண்டும் சாக்கட்டியை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டியடியில் பதினாறு கட்டம் போட்டு முடித்திருந்தன. ஒன்றுகூடச் சதுரமாக இல்லை. கீழ்வீட்டு அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, “முதலில் நான்” என்றார்.